பிரிவு 50-ஏ

நியூயார்க் போலீஸ் தலைமையகத்துக்கு அதன் முகவரிதான் பெயர்: ஒன் போலீஸ் பிளாசா. மன்ஹாட்டனின் தென்கோடியில், புரூக்ளின் பாலம் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்கும் செங்கல் கட்டடம். அதன் செய்தித் தொடர்பு அலுவலகத்தில், பத்திரிகையாளர் பார்வைக்கென்று ஒரு கிளிப்போர்டு பல பத்தாண்டுகளாக இருந்து வந்தது. யாருக்குப் பதவி உயர்வு, யாருக்கு இடமாற்றம், யார் ஓய்வு பெறுகிறார் என்று பெரும்பாலும் சலிப்பூட்டும் ஆணைகள்தான் அதில் இருக்கும். ஆனாலும் கிரைம் நிருபர்கள் பொறுமையாகப் புரட்டுவார்கள். இன்ன காவலருக்கு இன்ன தவறுக்காக இத்தனை நாள் விடுப்பு வெட்டு என்று நடுவே எங்காவது இரண்டு வரி அகப்படும். அன்றைய செய்தி அதுதான்.

2016-இல் அந்தத் தாள்கள் காணாமல் போயின. லீகல் எய்ட் சொசைட்டி என்ற இலவசச் சட்ட உதவி அமைப்பு, கிளிப்போர்டில் சில ஆண்டுகளாக மாட்டப்பட்ட ஆணைகளுக்கு நகல் கேட்டுத் தகவல் சட்டத்தின்கீழ் மனு போட்டிருந்தது. நிருபர்கள் எல்லோரும் பார்த்த தாளுக்கு நகல் தருவதில் என்ன கஷ்டம்? ஆனால் துறையின் சட்டப் பிரிவு தர முடியாது என்றது. அதோடு நிற்காமல், இத்தனை காலம் அவற்றைக் காட்டி வந்ததே சட்ட மீறல் என்றும் கண்டுபிடித்துச் சொன்னது. காவலரின் பணிப்பதிவுகளை இரகசியமாக்கிய சட்டம் வந்தது 1976-இல். அப்படியானால் ஆறு மேயர்களின் காலத்தில், சட்டத்தைக் காக்கச் சம்பளம் வாங்கும் துறை, தன் தலைமையகத்திலேயே சட்டத்தை மீறி வந்திருக்கிறது. அதற்காக யாருக்கும் மெமோ கொடுத்ததாகத் தெரியவில்லை.

நியூயார்க் மாநிலச் சிவில் உரிமைகள் சட்டத்தின் பிரிவு 50-ஏ என்பது அதன் பெயர். அதன் வேர் 1966-இல் நடந்த ஒரு தேர்தலில் இருக்கிறது.

நகரத்தில் போலீஸ்மீது புகார் விசாரிக்க ஒரு வாரியம் 1953-லிருந்தே உண்டு. பதினெட்டு அமைப்புகள் சேர்ந்து நெருக்கியதால் உருவான வாரியம் அது. உறுப்பினர்கள் மூன்று பேர். மூவரும் போலீஸ் துணைக் கமிஷனர்கள். காவலர் அடித்தார் என்று புகார் கொடுப்பவர் காவலரின் மேலதிகாரி முன்னாலேயே போய் உட்கார வேண்டும். கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் வாழ்ந்த பேட்டைகளில் இந்த ஏற்பாட்டுக்கு என்ன மரியாதை இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 1964 ஜூலை 16 அன்று தாமஸ் கில்லிகன் என்ற போலீஸ் லெப்டினன்ட், பணியில் இல்லாத நேரத்தில், ஜேம்ஸ் பவல் என்ற பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுவனைச் சுட்டுக் கொன்றார். ஹார்லெமும் புரூக்ளினின் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட்டும் பல நாள் கொந்தளித்தன. போலீஸ் அல்லாதவர்கள் புகாரை விசாரிக்க வேண்டும் என்ற கோரிக்கை அதன்பின் அடங்கவே இல்லை.

1966 ஜனவரியில் மேயரான ஜான் லிண்ட்சே இளைஞர், சீர்திருத்தம் பேசியவர். புகார் வாரியத்தில் நான்கு குடிமக்களும் மூன்று போலீஸ்காரர்களும் இருக்கட்டும் என்றார். பழைய கமிஷனர் அதை எதிர்த்தார். லிண்ட்சே அவருக்குப் பதவி நீட்டிப்புத் தராமல், ஃபிலடெல்பியாவிலிருந்து ஹோவர்ட் லியரியைக் கொண்டுவந்தார். ஃபிலடெல்பியாவில் இத்தகைய ஆலோசனை வாரியம் 1958 முதலே நடந்துகொண்டிருந்தது. ஜூலையில் புதிய வாரியம் பொறுப்பேற்றது.

சாதாரணக் காவலர்களின் சங்கமான ரோந்துப் போலீசார் நலச் சங்கம் கொதித்தது. அதன் தலைவர் ஜான் கசேசே, சிறுபான்மையினரின் முணுமுணுப்புக்கும் கூச்சலுக்கும் வளைந்து கொடுத்துச் சலித்துவிட்டது என்று வெளிப்படையாகவே பேசினார். கையெழுத்து திரட்டி, வாரியம் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியை நவம்பர் வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். பிரசாரத்தில் எல்லோர் நினைவிலும் நின்றது ஒரு சுவரொட்டி. இரவு. சுரங்க ரயில் நிலையப் படியேறி வெளியே வரும் தனியான வெள்ளைக்காரப் பெண். எதிரே இருண்ட, ஆளரவமற்ற தெரு. வாரியத்தை நிறுத்தாவிட்டால் அவள் உயிருக்கும் உங்கள் உயிருக்கும் உத்தரவாதமில்லை என்பது வாசகத்தின் சாரம். புகார் வாரியத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன தொடர்பு? புகாருக்குப் பயந்த காவலர் குற்றவாளியைப் பிடிக்கத் தயங்குவார் என்பது வாதம். இனத்தைப் பற்றி ஒரு சொல்லும் சுவரொட்டியில் இல்லை. அது யாரைக் காட்டி யாரைப் பயமுறுத்துகிறது என்பது பார்த்த எல்லோருக்கும் புரிந்தது.

மேயர் ஒரு பக்கம். செனட்டர்கள் ராபர்ட் கென்னடியும் ஜேக்கப் ஜாவிட்ஸும் அவரோடு. நவம்பர் 8 அன்று நகரம் வாக்களித்தபோது ஏறக்குறைய 63 சதவீதம் வாரியத்துக்கு எதிராக விழுந்தது. நான்கு மாதத்தில் வாரியம் முடிந்தது.

இவ்வளவு பெரிய போர் நடத்தும் அளவுக்கு அந்த வாரியத்திடம் என்ன அதிகாரம் இருந்தது என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒரு காவலரின் ஒருநாள் சம்பளத்தைக்கூட அது வெட்ட முடியாது. கமிஷனருக்குப் பரிந்துரை எழுதலாம், அவ்வளவுதான். எனினும் அதன் வழியாக வெளியாள் ஒருவர் காவலரின் கோப்பைப் பிரித்துப் படிப்பார். சங்கத்தைப் பதற வைத்தது அதுதான் என்று நினைக்க இடமிருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து போலீஸ் சங்கங்கள் ஆல்பனியில், மாநிலத் தலைநகரில், கோப்பையே பூட்டும் சட்டத்துக்கு ஆதரவு தேடியபோது பின்னணியில் இருந்ததும் இதே கவலை.

1974-இல் நியூயார்க் மாநிலத்தில் தகவல் சுதந்திரச் சட்டம் வந்தது. அரசு ஆவணம் மக்களுக்குத் திறந்தது என்ற கொள்கை. இதை முதலில் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்கள் குற்றவாளிக் கூண்டில் நிற்போரின் வக்கீல்கள். சாட்சி சொல்ல வரும் காவலரின் பணிக்கோப்பை வாங்கி, நிரூபணமாகாத பழைய புகாரையெல்லாம் எடுத்து வைத்துக் குறுக்கு விசாரணையில் துளைத்தார்கள். கண்ட புகாருக்கும் நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டுமா என்ற காவலர்களின் முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. குவீன்ஸ் பகுதியின் செனட்டர் ஃபிராங்க் படவான் மசோதாவைக் கொண்டுவந்தார். 1976-இல் ஆளுநர் ஹியூ கேரி கையெழுத்திட்டார். காவலரின் வேலைத் தகுதியையும் பதவி உயர்வையும் மதிப்பிடப் பயன்படும் பணிப்பதிவுகள் இரகசியம். காவலர் எழுத்துமூலம் சம்மதித்தால் பார்க்கலாம். இல்லையென்றால் நீதிமன்ற ஆணை வேண்டும். அதற்கும் நீதிபதி முதலில் கோப்பைத் தனியாகப் படித்து, வழக்குக்குத் தேவையான பக்கத்தை மட்டும் பிரித்துத் தருவார்.

கூண்டில் நிற்போரின் வக்கீலுடைய வாயைக் கட்டுவதற்காக எழுதிய சிறு பிரிவு அது. சிறைக் காவலர்களும் தீயணைப்பு வீரர்களும் அதன் நிழலுக்குள் வந்தார்கள். பிறகு நீதிமன்றங்கள் அதை விரித்துக்கொண்டே போயின. எவ்வளவு தூரம் விரிந்தது என்பதற்கு ஸ்கெனெக்டடி நகரின் முட்டை வழக்கைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

ஸ்கெனெக்டடி, ஆல்பனிக்குப் பக்கத்து ஊர். கல்யாணத்துக்கு முந்தைய ஆண்கள் விருந்து ஒன்றுக்காகப் போலீஸ்காரர்கள் கூட்டமாகப் பேருந்தில் போனார்கள். பணி நேரமில்லை. வழியில் குடிமகன் ஒருவரின் கார்மீது பேருந்திலிருந்து முட்டைகள் பறந்தன. விவகாரம் வெளியே வந்தது. பதினெட்டு காவலர்கள்மீது நடவடிக்கை எடுத்ததாகத் துறையே அறிவித்தது. யார் யார், என்ன தண்டனை என்று உள்ளூர்ப் பத்திரிகைகள் கேட்டன. சொல்ல மாட்டோம் என்றது நகர நிர்வாகம். வழக்கு மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் வரை ஏறியது. 1999-இல் தீர்ப்பு: 50-ஏ வக்கீல்களுக்கு மட்டுமான தடையன்று, பத்திரிகைக்கும் அது பொருந்தும், காவலரைத் தொல்லைப்படுத்தப் பயன்படக்கூடிய ஆவணம் எதுவானாலும் இரகசியமே. நிரூபணமாகாத புகாரிலிருந்து காவலரைக் காக்க வந்த பிரிவு, துறையே குற்றம் என்று முடிவுகட்டித் தண்டித்த பிறகும் முட்டை எறிந்தவர்களின் பெயரைக் காத்தது.

இதற்கிடையே நியூயார்க் நகரத்தில் வாரியம் மறுபடி உயிர்பெற்றிருந்தது. 1980-களில் பாதி குடிமக்கள், பாதி போலீஸ் நியமனம் என்ற கலவை. முழுக்கக் குடிமக்கள் வாரியம் வேண்டும் என்று நகரின் முதல் கறுப்பின மேயர் டேவிட் டிங்கின்ஸ் சொன்னபோது, 1992 செப்டம்பர் 16 அன்று பணியில் இல்லாத சுமார் பத்தாயிரம் போலீஸ்காரர்கள் நகர மண்டபத்தை முற்றுகையிட்டார்கள். தடுப்புகளைத் தள்ளிவிட்டுப் படிகளில் ஏறினார்கள், புரூக்ளின் பாலத்தில் போக்குவரத்தை மறித்தார்கள், மேயரை இனத்தைச் சொல்லி ஏசினார்கள். கூட்டத்தில் பேசியவர்களில் ஒருவர் ரூடி ஜூலியானி. அடுத்த ஆண்டுத் தேர்தலில் டிங்கின்ஸைத் தோற்கடித்தவர் அவரே. ஆனால் வாரியம் வந்துவிட்டது. 1993-இல் பதின்மூன்று உறுப்பினர்கள், போலீஸில் பணியாற்றுபவர் யாருமில்லை. சாட்சிகளுக்கு அழைப்பாணை அனுப்பும் அதிகாரமும் சேர்ந்தது.

குடிமக்கள் புகார் ஆய்வு வாரியம் என்ற இந்த அமைப்பு எல்லாவற்றையும் விசாரிக்காது. வலுவந்தம், அதிகார மீறல், மரியாதைக் குறைவு, இழிசொல் என்று நான்கு வகை மட்டுமே நெடுங்காலம் அதன் வரம்பில் இருந்தன. லஞ்சம் வேறு பிரிவுக்குப் போகும். விசாரணை முடிவும் முக்கியமாக நான்கு விதம்: புகார் நிரூபணமாகலாம், ஆதாரம் போதாமல் நிற்கலாம், நடந்தது உண்மை, ஆனால் விதிக்குட்பட்டது என்றாகலாம், அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்றும் ஆகலாம். இந்த நான்கில் எதையும் எட்டாமல், புகார் கொடுத்தவர் வாக்குமூலம் தர வராததால் பாதியில் நின்றுபோகும் கோப்புகள் ஏராளம். தன்மேல் வழக்கு நிலுவையில் இருக்கும்போது வாயைத் திறக்காதே என்று வக்கீலே தடுத்துவிடுவதும் உண்டு. இவ்வளவும் தாண்டி நிரூபணமான புகாருக்கும் தண்டனை கமிஷனர் கையில். தண்டனை பெரும்பாலும் என்ன? அறிவுரை, மறுபயிற்சி, சில நாள் விடுப்பு வெட்டு.

2014 ஜூலை 17. ஸ்டேட்டன் தீவில், சில்லறைச் சிகரெட் விற்றதாகச் சந்தேகப்பட்டு எரிக் கார்னர் என்பவரைப் போலீஸ் மடக்கியது. டேனியல் பான்டலியோ என்ற காவலர் பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கை போட்டுச் சாய்த்தார். கழுத்துப் பிடியை 1993-லேயே தடை செய்தது இதே துறை. மூச்சுவிட முடியவில்லை என்று கார்னர் பதினொரு முறை சொன்னார். நண்பர் ஒருவரின் செல்போன் அதைப் பதிவு செய்தது. கார்னர் இறந்துபோனார். டிசம்பரில் கிராண்ட் ஜூரி, பான்டலியோமீது வழக்கு வேண்டாம் என்றது.

அப்போது எழுந்த கேள்வி மிக எளியது. இந்தக் காவலர்மேல் இதற்குமுன் புகார் உண்டா? லீகல் எய்ட் கேட்டது முழுக் கோப்பைக்கூட அல்ல. நிரூபணமான புகார்களின் எண்ணிக்கையும் வாரியத்தின் பரிந்துரையும் கொண்ட ஒரு சுருக்கத்தைத்தான். 2015-இல் நீதிபதி ஆலிஸ் ஷ்லெசிங்கர் கொடுக்கச் சொன்னார். தாராளவாதி என்று பெயரெடுத்த மேயர் பில் டி பிளாசியோவின் நிர்வாகம் மேல்முறையீடு செய்தது. சட்டத்தை மாற்றுங்கள் என்று மேயர் மேடையில் பேசுவார். அவருடைய வக்கீல்கள் நீதிமன்றத்தில் அதே சட்டத்துக்கு மிக அகலமான பொருள் சொல்வார்கள்.

2017 மார்ச்சில் திங்க்பிராக்ரஸ் என்ற இணையப் பத்திரிகை அந்தச் சுருக்கத்தைக் கசியவிட்டது. கார்னர் சம்பவத்துக்கு முன்பே பான்டலியோமேல் ஏழு புகார்கள், அவற்றில் பதினான்கு குற்றச்சாட்டுகள். நான்கு நிரூபணமானவை, ஆளையும் வண்டியையும் மறித்துச் சோதனையிட்டதில் அத்துமீறல். வாரியம் கடுமையான நடவடிக்கை கேட்டிருந்தது. துறை கொடுத்தது ஓர் அறிவுரையும் இரண்டு நாள் விடுப்பு வெட்டும். ஊரே படித்து முடித்த சில நாட்களில் மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது: ஆவணத்தை வெளியிடக் கூடாது. கசியவிட்ட வாரிய ஊழியர் வேலையை விட்டுப் போனார். பான்டலியோ வேலையில் இருந்தார். துறை அவரைப் பணிநீக்கம் செய்தது 2019 ஆகஸ்டில், கார்னர் இறந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு.

கசிவு அதோடு நிற்கவில்லை. 2018-இல் பஸ்ஃபீட் நிருபர்கள் 2011 முதல் 2015 வரையிலான, போலீஸ் துறைக்குள்ளான தண்டனை ஆவணங்களைக் கைப்பற்றி வெளியிட்டார்கள். வேலையே போகக்கூடிய தவறு செய்த குறைந்தது 319 ஊழியர்கள் வேலையில் தொடர்ந்தது அதில் தெரிந்தது. பொய்ச் சாட்சியம், திருட்டு, அடிதடி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன.

2020 மே 25 அன்று மினியாபொலிஸில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டார். கழுத்தில் முழங்காலை வைத்த டெரக் ஷோவின்மேல் முன்பே குறைந்தது பதினேழு புகார்கள் இருந்தன என்பது சில நாட்களிலேயே உலகுக்குத் தெரிந்துவிட்டது. மினசோட்டாச் சட்டம் அந்த எண்ணிக்கையை மறைக்கவில்லை. பான்டலியோவைப் பற்றி நியூயார்க்கில் அதே விவரத்தை அறிய நீண்ட வழக்கும் ஒரு கசிவும் தேவைப்பட்டதை நினைவில் வைத்திருந்தவர்கள் தெருவில் இறங்கினார்கள். ஊர்வலத்து அட்டைகளில் சட்டப் பிரிவின் எண் எழுதப்படுவது அபூர்வம். அந்த ஜூனில் 50-ஏ என்று எழுதிக்கொண்டு நடந்தார்கள். அதை நீக்கக் கோரி, பல ஆண்டு சட்டமன்றக் குழுவிலேயே தூங்கிய மசோதா ஜூன் 9 அன்று இரு அவைகளிலும் நிறைவேறியது. 12-ஆம் தேதி ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ கையெழுத்திட்டபோது கார்னரின் தாய் க்வென் கார் அருகில் இருந்தார்.

சங்கங்கள் ஜூலையில் நீதிமன்றம் போயின. போலீஸ், சிறை, தீயணைப்பு எல்லாம் சேர்ந்து. ஜூலை 22 அன்று கூட்டாட்சி நீதிபதி கேத்தரின் போக் ஃபைலா தற்காலிகத் தடை போட்டார். ஆனால் புரோபப்ளிக்கா என்ற செய்தி நிறுவனம் அதற்கு முன்பே வாரியத்திடம் கேட்டுப் பட்டியலை வாங்கிவிட்டது. வழக்கில் அது கட்சிக்காரரும் இல்லை. ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை, நிரூபணமான குற்றச்சாட்டு ஒன்றாவது உள்ள, அன்று பணியிலிருந்த சுமார் 4,000 காவலர்களின் புகார் வரலாறு இணையத்தில் ஏறியது. பணியிலிருந்தோர் மொத்தம் சுமார் 36,000. ஒன்பதில் ஒருவர் கணக்கு. அடுத்த மாதம் நியூயார்க் சிவில் உரிமைகள் ஒன்றியம் 1985 முதலான 3,23,911 புகார்ப் பதிவுகளை வெளியிட்டது. துறையின் தண்டனையில் முடிந்தவை அவற்றில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. வேலை இழந்த காவலர்கள் பன்னிரண்டு பேர்.

இந்த எண்களைக் கவனமாகத்தான் படிக்க வேண்டும். எல்லாப் புகாரும் உண்மையில்லை. குற்றம் மிகுந்த பகுதியில் இரவு ரோந்து போகிறவருக்கும் மேசை வேலை பார்ப்பவருக்கும் ஒரே அளவு புகார் வராது. சங்கங்கள் சொன்ன இந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அவர்கள் நீதிமன்றத்தில் வைத்த வாதம் இன்னும் பெரியது: பெயர் வெளிவந்தால் காவலருக்கு உயிர் ஆபத்து, பிற்காலத்தில் வேறு வேலை கிடைக்காது. 2021 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பிற மாநிலங்கள் பலவற்றில் இத்தகைய பதிவுகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன, அங்கெல்லாம் இப்படி நேர்ந்ததற்குச் சான்று எங்கே என்று கேட்டது. மார்ச்சில் வாரியமும் போலீஸ் துறையும் தத்தம் இணையதளங்களில் பெயர்வாரியாகத் தேடும் வசதியைத் திறந்தன.

கோப்பு திறந்தாலும் தீர்ப்பு எழுதும் பேனா கமிஷனரிடமே இருந்தது. கடுமையான வழக்குகளில் வாரியத்தின் வக்கீல்களே துறை விசாரணையில் வாதாடலாம் என்று 2012-இல் ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டிருந்தது. அதே ஒப்பந்தத்தில், சில சூழ்நிலைகளில் கமிஷனர் ஒரு வழக்கைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டு விசாரணையே இல்லாமல் முடித்துவிடலாம் என்றும் ஒரு விதி உண்டு. 2023-இல் பதவிக்கு வந்த கமிஷனர் எட்வர்ட் கபான் ஏறக்குறைய ஓராண்டில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காவலர்களின் வழக்குகளை இந்த விதியைக் கொண்டு நிறுத்தினார் என்று 2024 ஜூனில் புரோபப்ளிக்கா எழுதியது. செப்டம்பரில் அவர் பதவி விலகினார். காரணம் வேறொரு கூட்டாட்சி விசாரணை.

50-ஏ ஒழிந்த அதே 2020 ஜூனில், இல்லினாய் மாநில உச்ச நீதிமன்றத்தில் இன்னொரு போலீஸ் சங்கம் தோற்றது. சிகாகோ சங்கம் கேட்டது பூட்டை அல்ல. பழைய புகார்க் கோப்புகளைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிட வேண்டும், அப்படித்தான் எங்கள் ஊதிய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது என்று அது வாதாடியது. சிகாகோவின் அந்தக் கோப்புகளையும், அவற்றைப் பெறப் போராடிய பத்திரிகையாளர் ஜேமி கால்வனையும் அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)